பத்து மணிக்குத் திறக்கும் தத்கால்

அலுவலக நேரத்தில் சொந்தக் காரியங்களுக்கு இணையத்தைப் பயன்படுத்துவது ஊதியத் திருட்டு ஆகாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "எல்லா நேரமும் ஆகாது" என்று சென்ற இதழில் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்று முதலாளிகளும் ஊழியர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டு இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்கூடம் நடத்துகிறேன். கணக்கு, கொள்முதல், விற்பனைப் பிரிவுகளில் 26 பேர் கணினியில் வேலை பார்க்கிறார்கள். இணைய இணைப்பு மெதுவாக இருக்கிறதே என்று சென்ற மாதம் லாக், அதாவது எந்தத் தளம் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்று கணினி வைக்கும் பதிவு, எடுத்துப் பார்த்தேன். ரயில்வே டிக்கெட் தளம், வங்கித் தளங்கள், யூடியூப், துணி விற்கும் தளங்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. முதல் தேதியில் சம்பளம் தவறாமல் கொடுக்கிறேன். பிறகும் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்துவிடலாமா?
— தொழிற்கூட உரிமையாளர், கோவை

பதில்: தடுக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஏன் என்பது தெரிந்தாக வேண்டும். அதற்கான விடையில் பாதி, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்த லாகிலேயே இருக்கிறது. எந்தத் தளம் என்ற கட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எத்தனை மணிக்கு என்ற கட்டத்தையும் சேர்த்து இன்னொரு முறை படியுங்கள். ரயில்வே தளம் பெரும்பாலும் காலை 10 மணியையும் 11 மணியையும் ஒட்டியே திறக்கப்பட்டிருக்கும். தத்கால் முன்பதிவு ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏ.சி. இல்லாத வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. பண்டிகை நெருங்கினால் சில நிமிடங்களில் இடம் தீர்ந்தும் போகிறது. ஊரில் தாய்க்கு உடம்பு சரியில்லை, நாளைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் அந்த நிமிடத்தில் எங்கே இருந்தாலும் அந்தத் தளத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். வருகைப் பதிவு இயந்திரமோ அவரை ஒன்பதரை மணிக்கே அலுவலகத்துக்குள் கொண்டுவந்து விட்டிருக்கும்.

பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் ஓர் அம்மையார் இருந்தார். வவுச்சர் ஒன்றுகூடத் தவறாகப் பதியாதவர். ஒருநாள் பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் மேசையைக் கடந்து போனேன். திரையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் ரயில்வே தளம். பயணி பெயர், வயது எல்லாம் முன்னதாகவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகி வைத்திருந்தார். என் நிழல் விழுந்ததும் அவருடைய விரல் பதறிப்போய்த் திரையை மூடியது. அன்று அவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாயாரைத் திருநெல்வேலியில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்பது மறுநாள் அவர் லீவு கேட்டு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் நிழலால் அந்த அலுவலகம் மிச்சப்படுத்தியது நான்கு நிமிடம். இழந்தது, பேருந்தில் போய் வந்த அவருடைய இரண்டு வேலை நாட்கள்.

நம் வாழ்க்கையின் அலுவல்கள் எல்லாம் எப்போது நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். வங்கி, மின்வாரியம், பள்ளி அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், மருத்துவரின் முன்பதிவு என எல்லாமே ஒரு சம்பளக்காரர் தன் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டிய அதே நேரத்தில்தான் திறந்திருக்கின்றன. முன்பு மின் கட்டணம் கட்ட ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட வேண்டும். வங்கியில் டிராஃப்ட் எடுக்க அரை நாள் லீவு போய்விடும். அந்தப் பெர்மிஷன் சீட்டுகளை நானே கட்டுக் கட்டாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். இப்போது அவை குறைந்துபோனதற்குக் காரணம், வரிசையில் நின்று செய்த வேலையை ஊழியர் இருக்கையை விட்டு எழாமலே முடித்துக்கொள்வதுதான். பெர்மிஷன் பதிவேட்டில் இருந்த ஒரு மணி நேரம் இன்று உங்கள் லாகில் ஐந்து நிமிடமாக இருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் கண்ணில் படுகிறது. மிச்சமான ஐம்பத்தைந்து நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே ரயில்வே தளத்தையும் வங்கித் தளங்களையும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பவை யூடியூபும் துணிக் கடைகளும். இவற்றிலும் நேரத்தைப் பாருங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் யாரும் யூடியூப் பார்த்திருக்க மாட்டார்கள். கொள்முதல் பிரிவில் விலைப்புள்ளி கேட்டு அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம், விற்பனைப் பிரிவில் லாரி கிளம்பிய பிறகு அடுத்த ஆர்டர் வரும்வரை உள்ள நேரம் ஆகியவற்றில்தான் அது குவிந்திருக்கும். அலுவலக வேலை ஓடும் தண்ணீர்போல் ஒரே சீராக வருவதில்லை; முறை வைத்துத் திறக்கும் வாய்க்கால்போல் விட்டு விட்டுத்தான் வருகிறது. அந்த இடைவெளியில் முன்பு எதிர் மேசையில் பேச்சு நடந்தது, வாரப் பத்திரிகை கை மாறியது, டீக்கடை வரை ஒரு நடை நடந்தது. இப்போது எல்லாம் திரைக்குள் போய்விட்டதால் அதற்கு ஒரு லாகும் கிடைத்துவிட்டது.

மூன்றாவது காரணம்தான் கவலைக்குரியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விவியன் லிம் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்தப் பொருள் பற்றி எழுதும் யாரும் தாண்டிப் போக முடியாதது. அலுவலகத்தில் இணைய வசதி பெற்ற 188 பேரிடம் கேட்டறிந்து எழுதப்பட்டது அது. கிடைக்கும் பலனில் நியாயம் இல்லை, முடிவுகள் எடுக்கப்படும் முறையில் நியாயம் இல்லை, மேலிடம் தங்களை நடத்தும் விதத்தில் நியாயம் இல்லை என்று கருதுகிறவர்கள் மனத்துக்குள் ஒரு பேரேட்டைத் திறந்துகொள்கிறார்கள் என்கிறார் அவர். கூடுதலாக உழைத்த நேரம், கேட்காமல் விட்ட பாராட்டு, விழுங்கிக்கொண்ட சொல் எல்லாம் அதில் வரவாக ஏறுகின்றன. அந்த வரவை வைத்துக்கொண்டு, வேலை நேரத்தில் இணையத்தில் உலவுவதைப் பற்றெழுதி நேர் செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்கிறவருக்குத் தாம் தவறு செய்கிறோம் என்ற எண்ணமே எழுவதில்லை. கணக்குச் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

முதல் தேதியில் சம்பளம் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊழியர்களுக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்புவது உங்கள் நிறுவனத்தில் உண்டா? ஞாயிற்றுக்கிழமை "ஒரு நிமிடம்" என்று போன் செய்வது உண்டா? இருக்குமானால் அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்த அதே வழியாகத்தான் வீடும் அலுவலகத்துக்குள் வருகிறது. கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் காவல் போட்டால் பேரேட்டில் இன்னொரு வரவு ஏறும்.

மொத்தத் தடையின் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் முதல் அலுவலகத்தில் தொலைபேசியின் சுழல்தட்டில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்கும். சாவி மேலாளரின் இழுப்பறையில் இருக்கும். வாடிக்கையாளருக்குப் பேச வேண்டியவர்களும் அந்தச் சாவிக்காகக் கை கட்டி நின்றார்கள். கோபத்தில், பேச வேண்டிய அழைப்புகளைக்கூடப் பேசாமல் விட்டார்கள். இன்று அந்தப் பூட்டுக்கும் பயன் இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் சொந்த டேட்டாவோடு ஒரு கைபேசி இருக்கிறது. கணினியில் தடுத்தது கைபேசிக்கு மாறும். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்ததை மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள்.

தடுக்க வேண்டியவையும் இருக்கின்றன, அவற்றில் தயங்காதீர்கள். திருட்டுப் படங்களைத் தரவிறக்கும் தளங்கள், சூதாட்டத் தளங்கள், ஆபாசத் தளங்கள் ஆகியவற்றை ஃபயர்வாலில், அதாவது இணைய இணைப்புக்குக் காவல் நிற்கும் தடுப்பில், மூடிவிடுவது உங்கள் கடமை. இவற்றின் வழியாக வரும் தீய மென்பொருள் ஒரே இரவில் உங்கள் டேலி கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கக்கூடும். இணைப்பு மெதுவாவதற்குக் காரணம் அநேகமாக வீடியோதான், டிக்கெட் தளம் அல்ல. வேலை நேரத்தில் வீடியோவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வைக்கச் சிஸ்டம் பார்ப்பவரால் முடியும். 26 பேரில் இரண்டு பேர் நாள் முழுக்கப் படம் பார்க்கிறார்கள் என்று லாக் காட்டினால், அந்த இரண்டு பேரை மட்டும் தனியே அழைத்து, முடிக்காமல் கிடக்கும் வேலையை முன்னால் வைத்துப் பேசுங்கள். அவர்களுக்காக இருபத்துநான்கு பேருக்கு மெமோ போடாதீர்கள்.

கேள்வி: காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறேன். அன்றைக்குரிய கோப்புகளை மூன்று மணிக்குள் முடித்துவிடுவேன். முடித்துவிட்டேன் என்று சொன்னால் மற்றவர்களுடைய கோப்புகள் என் தலையில் வந்து விழும், சம்பளம் அதேதான். அதனால் ஆறு மணி வரை சமையல் வீடியோக்களும் புடவைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீடு திரும்பும்போது உழைத்துக் களைத்ததைவிட அதிகமாகக் களைப்பாக இருக்கிறது. மனசாட்சியும் உறுத்துகிறது. நான் சோம்பேறியாகிவிட்டேனா?
— வாசகி, சென்னை

பதில்: சோம்பேறி ஆறு மணி வேலையை மூன்று மணிக்குள் முடிப்பதில்லை, சகோதரி. உங்களுக்கு வந்திருப்பது சலிப்பு. அது குணக்கேடு அன்று, வேலையை அமைத்தவர்கள் விட்ட ஓட்டை.

டொனால்ட் ராய் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு தொழிற்சாலையில் தாமே தொழிலாளியாகச் சேர்ந்து, இயந்திரத்தில் தகடு வைப்பது, அழுத்துவது, எடுப்பது என்ற ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்து பார்த்தார். முதல் சில நாட்களிலேயே பைத்தியம் பிடித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகுதான் உடன் இருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது. நாளின் நடுவே அவர்களே ஏற்படுத்திக்கொண்ட சின்னச் சின்ன வேளைகள் இருந்தன: பீச் பழத்தைப் பங்கிட்டுத் தின்னும் வேளை ஒன்று; ஒருவர் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் அன்றாடம் திருடித் தின்று கூச்சல் எழுப்பும் வேளை ஒன்று; சன்னலைத் திறக்கும் வேளை ஒன்று. பொருளற்றவைபோல் தோன்றிய இந்த வேளைகள்தான் நீண்ட நாளைத் துண்டு துண்டாக்கி, மனிதர்கள் அதைக் கடக்க உதவின என்று 1959-ஆம் ஆண்டில் எழுதினார். உங்கள் சமையல் வீடியோ அந்த வாழைப்பழத்தின் வழிவந்ததுதான். வேலை போதாத சலிப்பைச் சமாளிக்கவே ஊழியர்கள் இணையத்தை நாடுகிறார்கள் என்று 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் உளவியல் ஆய்வும் சொல்கிறது.

ஆனால் வாழைப்பழத்துக்கும் வீடியோவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வாழைப்பழ வேளையில் பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள், சில நிமிடங்களில் அது முடிந்தும் போனது. திரைக்கு முடிவு இல்லை. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், கணினியில் வேலை செய்பவர்களின் கவனத்தைப் பல ஆண்டுகளாக அளந்து வருபவர். 2004-ஆம் ஆண்டு வாக்கில் ஒரே திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், அண்மை ஆண்டுகளில் சுமார் 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது என்கிறார். மூன்று மணி நேரம் இப்படித் தாவிக்கொண்டே இருப்பது உட்கார்ந்த இடத்திலேயே ஓடுவதைப் போன்றது. நீங்கள் களைத்துப்போவதில் வியப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வருவதற்கு 2021-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. காலின் வலியை ஒப்புக்கொள்ளவே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், வேலை இல்லாமல் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருக்கும் மனத்தின் வலியை ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. அதுவரை காத்திருக்காதீர்கள். "முடித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், ஒரு கோரிக்கையோடு போய்ச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட் தேர்வுகள் உங்கள் துறையில் மதிப்புள்ளவை. நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அதற்குப் படிக்க அனுமதி கேளுங்கள், மீதி நேரத்தில் சிக்கலான கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன் என்றும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால், உங்கள் மேற்பார்வையாளர் கேட்க விரும்புவது கோப்புகளின் எண்ணிக்கையை மட்டுமே என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு இடம் தேடுவதற்கு அது போதுமான காரணம்.

கேள்வி: அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நான். அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் சொந்த உபயோகத்துக்குக் கைபேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தனியார் ஊழியருக்குப் பரிந்து பேசும் நீங்கள் எங்களுக்கும் பேசுவீர்களா?
— வாசகர், திருச்சி

பதில்: ஓரளவுக்குப் பேசுவேன், முழுவதும் பேச மாட்டேன்.

நீங்கள் குறிப்பிடுவது 2022 மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு. உடன் பணிபுரிபவர்களை அலுவலகத்தில் கைபேசியால் வீடியோ எடுத்ததாக இடைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு அது. அலுவலக நேரத்தில் சொந்தக் காரணங்களுக்குக் கைபேசியைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது என்று வருந்திய நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம், அதை ஒழுங்குபடுத்த விதிமுறை வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டார். தவிர்க்க முடியாத அழைப்பு என்றால் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேசலாம் என்றும் கூறினார். அவசரத்துக்கு அதில் இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முழுவதும் பேச மாட்டேன் என்பதற்குக் காரணம், உங்கள் மேசைக்கு எதிரே நிற்பவர். கோவைத் தொழிற்கூடத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் டிக்கெட் பார்த்தால் ஒரு பில் ஐந்து நிமிடம் தாமதமாகும். வாரிசுச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முசிறியிலிருந்து வந்து நிற்கும் ஒருவருக்கு முன்னால் நீங்கள் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தால், அவர் இழப்பது நேரத்தை மட்டும் அன்று. தன்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார். அப்படி நின்ற அனுபவம் எனக்கும் உண்டு, அந்தக் கசப்பு நாள் முழுக்க நீடித்தது.

உங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். பல நேரங்களில் நீங்கள் கைபேசியைக் கையில் எடுப்பது சர்வர் வேலை செய்யாதபோதுதான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, செய்வதற்கு எதுவும் இல்லை, கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. எதிரே நிற்பவருக்கு அந்த வட்டம் தெரியாது. உங்கள் கைபேசி மட்டும் தெரியும். சர்வர் நின்றுவிட்டால் அதை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் திரையை அவர் பக்கம் திருப்பியே காட்டுங்கள். எத்தனை மணிக்கு நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். சுற்றும் வட்டத்தைத் தானும் பார்த்துவிட்ட ஒருவர் உங்களோடு சேர்ந்து சர்வரைத்தான் திட்டுவார்.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கம்பெனி கொடுத்த மடிக்கணினியில் வாட்ஸ்அப் வெப், வங்கிக் கணக்கு எல்லாம் பயன்படுத்துகிறேன். அவர்கள் இதையெல்லாம் பார்க்க முடியுமா? சட்டப்படி பார்க்கலாமா? மவுஸ் தானாக நகரும்படி ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— இளைஞர், மதுரை

பதில்: முடியுமா என்பதை முதலில் பார்ப்போம். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தால் யாராலும் பார்க்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் சொந்தக் கைபேசியில் அது பெரும்பாலும் உண்மை: அலுவலக வைஃபையில் இணைத்தாலும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், அங்கே என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. கம்பெனி கொடுத்த மடிக்கணினி அப்படி அல்ல. அதில் நிறுவனம் தன் பாதுகாப்புச் சான்றிதழைப் பதித்து வைத்திருந்தால், பூட்டுப் போட்டுச் செல்லும் தகவலையும் நடுவழியில் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் பூட்டி அனுப்ப முடியும். கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் அதுகூடத் தேவையில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துவிடும். வாட்ஸ்அப் செய்திகள் வழியில் பூட்டப்பட்டுச் சென்றாலும், உங்கள் கண் படிப்பதற்காகத் திரையில் திறந்த வடிவில்தான் இருக்கின்றன.

பார்க்கலாமா என்பது பற்றி ஐரோப்பாவில் நடந்த வழக்கு ஒன்று தெளிவான பாதையைக் காட்டுகிறது. ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற விற்பனைப் பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காக நிறுவனம் கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசஞ்சர் கணக்கு ஒன்றைத் தொடங்கினார். 2007 ஜூலையில் நிறுவனம் அந்தக் கணக்கைக் கண்காணித்தது. சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தவில்லை என்று அவர் சொன்னபோது, சகோதரரிடமும் மணம் செய்துகொள்ள இருந்த பெண்ணிடமும் அவர் பேசியவை உட்பட 45 பக்க உரையாடலை எடுத்து முன்னால் வைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ருமேனிய நீதிமன்றங்களில் அவர் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திலும் 2016-ஆம் ஆண்டில் தோற்றார். 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு, 11 நீதிபதிகள் ஒரு பக்கமும் 6 பேர் மறுபக்கமுமாக, அவருடைய தனிவாழ்வு உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. கண்காணிக்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கண்காணிக்கப் போகிறோம் என்பதையும் எவ்வளவு ஆழமாக என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும், குறைவான தலையீட்டில் காரியம் முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும் என்றது. முதலாளியின் உத்தரவு வேலையிடத்தில் ஒருவருடைய தனிவாழ்வை அடியோடு இல்லாமல் ஆக்கிவிட முடியாது என்றும் சொன்னது.

இந்தியாவில் அதே 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரியங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும், தொழில் ரகசியங்களைப் பேணுவதற்கும் ஊழியரின் தரவைத் தனிச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. இந்த இடம் அளவுக்கு மீறி அகலமானது என்பது என் கருத்து. கண்காணிப்பு உண்டு என்றால் அதை வேலையில் சேரும் நாளிலேயே எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

மவுஸ் நகர்த்தும் கருவியை வாங்காதீர்கள். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பொய்யாகக் காட்டியதாகச் சொல்லிப் பத்துக்கும் மேற்பட்டோரை 2024-ஆம் ஆண்டில் வேலையிலிருந்து அனுப்பியது. ஐந்து நிமிடம் மின் கட்டணம் கட்டியவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டும் கருவியை வைத்திருப்பவரைச் சொல்ல முடியும். மவுஸ் நகர்வதை வைத்து உழைப்பை அளக்கும் நிறுவனம் தவறாகத்தான் அளக்கிறது. அதற்காக நீங்கள் பொய்யான எடைக்கல்லை வைக்கலாகாது.

சொந்தக் காரியங்களைச் சொந்தக் கைபேசியில், சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மடிக்கணினியின் பிரௌசரில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருந்தால் இன்றைக்கே நீக்கிவிட்டு, வங்கியில் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கைபேசியின் வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்தால் அந்த மடிக்கணினியின் பெயர் இருக்கும். அதைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள். மடிக்கணினியைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகும் அந்த இணைப்பு உயிரோடு இருக்கக்கூடும்.